தகடு வைத்த கணுக்கால்

பலெர்மோவின் போர்கோ வெக்கியோவில் கணுக்கால் முறிந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வீடு எத்தனையாம் மாடி என்பதைத்தான். பொலித்தெயாமா அரங்குக்கும் துறைமுகத்துக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஆகவே வைத்தியசாலையை விட்டு வரும் முன்பே படியேறப் பழகிக்கொள்ளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். பயமாக இருந்தால் படியில் இருந்தபடியே நகர்ந்து ஏறலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சத்திரசிகிச்சையில் வைக்கும் தகடும் திருகாணியும் எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒட்டுவது எலும்பின் வேலை. அதற்குப் பெரும்பாலும் 6 வாரமாவது வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் கூடுதலாகும். எப்போது காலை ஊன்றலாம் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

முதல் இரண்டு வாரம் வீக்கத்தோடுதான் போராட்டம். கதிரையில் இருந்து காலை முக்காலியில் வைப்பது போதாது; படுத்து, தலையணைகளை அடுக்கி, கால் நெஞ்சைவிட உயர்ந்திருக்க வேண்டும். வயிற்றில் போடத் தரும் ஊசி இரத்தம் உறையாமலிருக்க. நோவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஊரிலிருந்து வந்த எண்ணெயைக் கெண்டைக்காலில் தேய்க்கவும் வேண்டாம், உறைந்த கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கெண்டைக்கால் வீங்கி இறுகினால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே 112-ஐ அழையுங்கள்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். கட்டைக் கழற்றியதும் குணமாகிவிட்டது என்று வேலைக்கு ஓடுகிறார்கள். வீட்டுவேலை, முதியோர் பராமரிப்பு, சமையலறை என்று நாள் முழுக்க நிற்கிற வேலை. கணுக்காலோ மடங்க மறுக்கிறது, கெண்டைக்கால் மெலிந்து கிடக்கிறது. காலை நீட்டி இருந்து, முன்பாதத்தில் துவாயை மாட்டி உங்கள் பக்கம் இழுத்து, அரை நிமிடம் பிடியுங்கள். வைத்தியர் ஊன்றச் சொன்ன பின், சமையல் மேடையைப் பிடித்து இரண்டு குதிகளையும் தூக்கி இறக்குங்கள். பிறகு ஒற்றைக்காலில் நிற்கப் பழகுங்கள். சமநிலை திரும்பாவிட்டால் இந்தத் தெருக்களின் மேடுபள்ளக் கற்களில் மறுபடி கால் பிசகும். மாலையில் வீங்குவது மாதக்கணக்கில் இருக்கும், அது வழக்கம்தான். தகட்டைப் பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று. வேலையிலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ விழுந்திருந்தால், அவசர சிகிச்சைப் பிரிவிலேயே அதைச் சொல்லுங்கள். வேலை விபத்துக் காப்புறுதியான இனாயில் வீட்டுப் பணியாளருக்கும் உண்டு. சாதாரண நோய்விடுப்பில் அவர்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டியது சில நாட்களுக்கு மட்டுமே.

நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்திருப்பவர்கள் அவருடைய திருநாளான செப்டம்பர் 4-க்குள் மொந்தே பெல்லெகிரினோ மலையில் நடந்தே ஏறிவிட நினைக்கலாம். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதியைத் தூக்க முடியாவிட்டால் அந்த ஏற்றத்தை அடுத்த வருடத்துக்கு விடுங்கள். மலைமேல் உள்ள அவருடைய கோயிலுக்குப் பஸ்ஸும் போகிறது.