பையன்களுக்கு ஐந்து வருடம் கொடுங்கள்!

சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2025-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கியின் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம் நடந்தது. எதிரி அர்ஜென்டினா. ஆட்டம் முடிய 11 நிமிடங்கள்தான் பாக்கி. இந்தியா 0-2 என்று பின்தங்கிக் கிடந்தது. சில நாட்களுக்கு முன்புதான் அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று அடி வாங்கிய அணி அது. இனி தேறாது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

அங்கித் பால் ஒரு கோல் போட்டார். அடுத்து மன்மீத் சிங். ஆட்டம் முடியும் தறுவாயில் சாரதானந்த் திவாரியும் அன்மோல் எக்காவும் ஆளுக்கு ஒன்று. 4-2! வெண்கலப் பதக்கம் வீடு வந்து சேர்ந்தது. 2021-ம் ஆண்டிலும் 2023-ம் ஆண்டிலும் நான்காவது இடத்தோடு திரும்பிய ஜூனியர் அணிக்கு இது பெரிய ஆறுதல்.

கத்திய தொண்டை ஆறியதும் ரசிகனுக்கு ஒரு கேள்வி வரும். இந்தப் பையன்கள் எல்லாம் ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பார்கள்?

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. இந்திய அணியின் பயிற்சி முகாம் நடப்பதே பெங்களூரில்தான். மைசூர் ரோட்டுப் பக்கம் உள்ள விளையாட்டு ஆணைய வளாகத்தில் மாதக் கணக்கில் தங்கித்தான் இந்த வீரர்கள் உருவாகிறார்கள். ஆனால் காலையில் மாரிக்குப்பத்தில் இருந்து வேலைக்கு வருகிறவர்கள் ரயிலில் பேப்பரை விரித்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இந்தியா தோற்றிருந்தால், எல்லோரையும் மாற்று என்பார்கள். கோச்சை மாற்று, கேப்டனை மாற்று, சின்னப் பையன்களை எதற்கு எடுத்தாய் என்பார்கள். மறு வாரம் ஜெயித்தால் அதே வாய் அதே பையனைப் புகழும்.

மாற்றி மாற்றிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே இருக்கிறது.

வீணாய்ப் போன பயிர்

2001-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இந்திய ஜூனியர் அணி உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கியது. ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங், குடகு நாட்டு அர்ஜுன் ஹாலப்பா என்று ஒரு படையே கிளம்பியது. இனி பத்து வருடத்துக்குக் கவலை இல்லை என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

நடந்தது என்ன? 2003-ல் ஜுக்ராஜ் கார் விபத்தில் சிக்கினார். அது விதி. ஆனால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பயிற்சியாளர் ராஜிந்தர் சிங்கை நீக்கிவிட்டு ஜெர்மனிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்களே, அது விதி அல்ல. பரீட்சைக்கு முந்தின வாரம் வாத்தியாரை மாற்றினால் பிள்ளை என்ன எழுதும்? ஏழாவது இடம் கிடைத்தது. 2008-ல் சிலி நாட்டின் சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, ஒலிம்பிக்குக்கே போக முடியாமல் இந்தியா வீட்டில் உட்கார்ந்தது. 1928-ல் இருந்து அதுவரை அப்படி நடந்ததில்லை. ஹோபார்ட்டில் ஜெயித்த பையன்கள் நல்ல வயதில் இருந்த நேரம் அது.

தோற்றால்தான் விரட்டினார்கள் என்றும் இல்லை. 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றது. கேப்டன் தன்ராஜ் பிள்ளை. தமிழ்ப் பெற்றோருக்கு மராட்டிய மாநிலம் கிர்க்கியில் பிறந்து, தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பிழைப்புக்காக வெளி மாநிலம் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தம் வீட்டுப் பிள்ளையாக நினைத்துக் கொண்டாடிய வீரர். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவின் பெனால்டிகளைத் தடுத்து நிறுத்தியவர் பெங்களூர் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால். ஊர் திரும்பிய சில நாட்களில் இந்த இருவர் உள்பட மூத்த வீரர்கள் பலர் அணியில் இருந்து கழற்றிவிடப்பட்டார்கள். தங்கப் பதக்கத்துக்குக் கிடைத்த பரிசு அது!

பொறுத்ததால் விளைந்தது

இனி இன்னொரு பயிரைப் பார்க்கலாம். 2016-ம் ஆண்டு டிசம்பரில் லக்னோவில் இந்திய ஜூனியர் அணி மறுபடியும் உலகக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 2-1 என்று தோற்கடித்தது. குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும் கோல் போட்டார்கள். ஹர்மன்ப்ரீத் சிங், வருண் குமார், சுமித், மணிப்பூரின் நீலகண்ட சர்மா ஆகியோர் அந்த அணியில் இருந்தார்கள்.

இவர்களும் உடனே பதக்கம் கொண்டுவந்து கொட்டிவிடவில்லை. ஹர்மன்ப்ரீத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனியராக இருக்கும்போதே 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு அழைத்துப் போனார்கள். ஒரு கோல்கூட அவர் பெயரில் இல்லை. அன்றைக்கே அவரை வேண்டாம் என்று தள்ளியிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்காது. தள்ளவில்லை. டோக்கியோவில் ஆறு கோல்கள் அடித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கேப்டனாகப் போய்ப் பத்து கோல்கள் அடித்தார். அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையதே. பெனால்டி கார்னரில் பந்தை மட்டையோடு இழுத்துச் சுழற்றி வீசும் அந்த வித்தை லேசில் வருவதல்ல. இடுப்பும் மணிக்கட்டும் பழக வேண்டும். ஆயிரம் தடவை அடித்துப் பார்த்து, அதற்கு மேலும் ஆயிரம் தடவை அடிக்க வேண்டும்.

2021 டோக்கியோவில் இன்னொன்றும் நடந்தது. முதல் சுற்றில் ஆஸ்திரேலியா 7-1 என்று இந்தியாவைப் புரட்டி எடுத்தது. பழைய காலமாக இருந்தால் போட்டி முடிவதற்குள் பாதிப் பேர் தலை உருண்டிருக்கும். இம்முறை யாரும் பதறவில்லை. 11 நாள் கழித்து, ஆகஸ்ட் 5-ந் தேதி, ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 வருடத்துக்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது. 1-3 என்று பின்தங்கி நின்று வந்த வெற்றி அது.

அந்த ஐந்து கோல்களில் இரண்டு சிம்ரன்ஜீத் அடித்தவை. முதலில் அறிவித்த 16 பேரில் அவர் பெயரே இல்லை. மாற்று ஆளாக இருந்தவர். கொரோனா காலம் என்பதால் மாற்று வீரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதனால்தான் ஆடினார். நாற்பது வருடப் பசியைத் தீர்த்ததில் ஒரு பெரும் பங்கு, பட்டியலின் கடைசியில் இருந்த ஒரு பையனுடையது.

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லக்னோவில் கோப்பையைக் கையில் வாங்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங். அவர் டோக்கியோவுக்கும் போகவில்லை, பாரிசுக்கும் போகவில்லை. ஒலிம்பிக் அணியில் 16 இடங்கள்தான் இருக்கின்றன. ஜூனியரில் சிங்கமாக இருந்தவர் சீனியரில் திணறுவது உண்டு. பெரியவர்களின் வேகமும் உடல் வலுவும் வேறு. நான்கு கால் பகுதிகளாக ஆடும் இன்றைய ஆட்டத்தில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கலாம் என்பதால், எதிரி எப்போதும் களைப்பில்லாமல் வந்து நிற்பான்.

கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கதையும் பொறுமைக் கதைதான். 2006-ல் இந்திய அணிக்கு வந்தார். நிலையான இடம் கிடைக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் இரண்டு ஒலிம்பிக் பதக்கம். பாரிசுடன் ஓய்வு பெற்ற அவர் ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். சென்னையில் அந்த வெண்கலத்தை வாங்கிய பையன்கள் அவரிடம் பயின்றவர்களே. காத்திருப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர் கையில் பிள்ளைகள் இருந்தது நல்லது.

கோவில்பட்டியும் அரியலூரும்

தமிழ் ரசிகனுக்கு இதில் சொந்தக் கவலை ஒன்று உண்டு. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இளைஞர்களை அனுப்பினார்கள். அதில் இரண்டு தமிழர்கள். ஒருவர் அரியலூர் கார்த்தி செல்வம். மற்றவர் கோவில்பட்டி மாரீஸ்வரன். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன கோவில்பட்டி, ஆக்கி மட்டைக்கும் பெயர் போன ஊர். அங்குள்ள அரசு ஆக்கி விடுதியில் பயின்றவர்தான் கார்த்தியும். எளிய குடும்பத்துப் பிள்ளை.

முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். முதன்முதலாக இந்தியச் சட்டை போட்ட கார்த்தி, ஒன்பதாவது நிமிடத்தில் கோல் போட்டார்! கடைசி நேரத்தில் பாகிஸ்தான் சமன் செய்துவிட்டது. அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் இந்தோனேசியாவை 15 கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்ற நிலை. பையன்கள் 16-0 என்று வென்றார்கள். பாகிஸ்தான் உலகக் கோப்பை வாய்ப்பையே இழந்தது. கடைசியில் ஜப்பானை வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு மாரீஸ்வரனுக்கு இந்திய அணியில் நிலையான இடம் கிட்டவில்லை. கார்த்தி 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் சொந்த மக்கள் முன்னால் மலேசியாவுக்கு எதிராகக் கோல் போட்டார். இந்தியா கோப்பையை வென்றது. ஆனால் அடுத்த மாதம் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும், பாரிஸ் அணியிலும் அவர் இல்லை. 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு மாற்று வீரராக மட்டும் பெயர் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மலேசியாவில் நடந்த அஸ்லான் ஷா போட்டிக்குத்தான் மறுபடியும் அணியில் இடம் கிடைத்தது.

ஒரு பையன் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விடுதிக்குப் போகிறான். படிப்பு அரைகுறை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ எண்ணெய் நிறுவனத்திலோ போலீசிலோ வேலை கிடைத்தால்தான் குடும்பம் நிமிரும். இந்திய அணியில் ஓரிரண்டு ஆட்டம் ஆடவிட்டு, ஒரு தோல்வியைக் காட்டித் திருப்பி அனுப்பினால், அவன் இழப்பது ஒரு போட்டியை மட்டும் அல்ல. மாதச் சம்பளத்தில் வாழும் தமிழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிர்வாகம் ஓரளவு திருந்தியிருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்குப் பணம் கொடுத்து வந்ததால் முகாம்கள் தடைப்படவில்லை. 2025 ஜூனில் ஐரோப்பாவில் புரோ லீக் ஆட்டங்களில் இந்தியா தொடர்ந்து ஏழு முறை தோற்றது. ஏழு! பயிற்சியாளர் கிரேக் புல்டனை யாரும் விரட்டவில்லை. மூன்றே மாதத்தில் ராஜ்கிரில் தென்கொரியாவை 4-1 என்று வென்று ஆசியக் கோப்பையையும் 2026 உலகக் கோப்பைக்கான தகுதியையும் அதே அணி வாங்கியது.

சென்னையில் அந்த நான்கு கோலைப் போட்ட பையன்கள் சீனியர் முகாமுக்கு வந்து சேரும்போது முதலில் தடுமாறத்தான் செய்வார்கள். கோல் வாய்க்கு முன்னால் பந்தைத் தவற விடுவார்கள். ஆஸ்திரேலியாவிடமோ நெதர்லாந்திடமோ நான்கைந்து கோல் வாங்கி வருவார்கள். அந்த நாட்களில் ரயிலில் பேப்பரை விரிக்கும் ரசிகன், ஸ்கோரைப் பார்த்ததும் திட்டாமல், ஆடியவர்களின் வயதையும் ஒருமுறை பார்க்கட்டும். அடுத்த அணிப் பட்டியல் வெளியாகும்போது கடைசி வரியில் இருக்கும் மாற்று வீரர்களின் பெயரையும் விடாமல் படிக்கட்டும். சிம்ரன்ஜீத் அந்த வரியில் இருந்து வந்தவர்தான்.