உங்களுக்குத் தெரியுமா? குண்டூசிக்குப் பதில் பசை!

சங்கரன்கோவில் விசைத்தறிகளில் பருத்திச் சேலை நெய்யும் பாவு நூலுக்கு முதலில் கஞ்சி ஏற வேண்டும். அந்தப் பசை நூலின் பிசிறுகளைப் படியவைத்து, தறியின் இழுப்பில் அறுந்துபோகாமல் காக்கிறது. புதுச்சேலை சில துவைப்புகளில் மெத்தென்று ஆவதற்குக் கஞ்சி கரைந்துபோவதும் ஒரு காரணம்.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஓரப்பட்டி தைப்பவர்களுக்கும் பசை துவைப்பில் கரைந்துபோகும் இந்தக் குணம் கைகொடுக்கிறது. பட்டியை மடித்து, உள்ளே துவைத்தால் போகும் வெள்ளைப் பசையை நூலிழை போல விட்டு, இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். விரலில் குண்டூசி குத்தாது. மூலை மடிப்பும் நகராது, அதுதான் பெரிய நிம்மதி! தைத்தபின் அலசினால் போதும். பசை கூடினால் தையல் ஊசி திணறும். மரவேலைப் பசை மட்டும் வேண்டாம். காய்ந்தால் துணியை விட்டுப் போகாது.