திருகாணிக்கு முன் அமுக்கம்: சங்கிலி ரம்பத்தைப் பழுதுபார்க்கும் முறை

சிங்கப்பூரின் மேற்கே ஜூரோங் வெஸ்ட் வட்டாரத்தில் உள்ள பூன் லே, முற்காலத்தில் அங்கே கேம்பியர், மிளகு, ரப்பர் ஆகியவற்றைப் பயிரிட்ட சியூ பூன் லே என்னும் வணிகரின் பெயரால் வழங்குவது. 1961-இல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கியபின் தோட்டங்கள் இருந்த இடத்தில் ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்தன. ஆயினும் 1963-இல் லீ குவான் யூ தொடங்கிவைத்த மரநடு இயக்கமும் 1967-இல் அறிவிக்கப்பட்ட தோட்ட நகரக் கொள்கையும் தூங்குமூஞ்சி, அங்சானா முதலிய நிழல்மரங்களைத் தீவெங்கும் சாலையோரங்களில் நிறுத்தின. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடியலுக்கு முன், மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து இடிமழையுடன் வரும் சுமத்ரா சூறைக்காற்று இம்மரங்களின் கிளைகளை முறித்துச் சாலையில் தள்ளும்போது, வழியைத் திறந்துவிட முதலில் வேண்டியது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பமே.

அத்தகைய வேளையில் ரம்பம் கிளம்ப மறுத்தாலோ, கிளம்பியபின் மரத்தில் வைத்ததும் திணறி நின்றாலோ, பெரும்பாலோர் உடனே திருப்புளியை எடுத்துக் கார்புரேட்டரின் திருகாணிகளைத் திருகத் தொடங்குகின்றனர். எளிதில் கைக்கு எட்டுவது அதுதான் என்றாலும், இயந்திரத்தின் உள்நிலை தெரியாமல் அதைத் தொடுவது நோயை மறைப்பதோடு சில வேளைகளில் பிஸ்டனையே பலிவாங்கிவிடுகிறது. முதலில் அமுக்கம், அடுத்துக் காற்றுக்கசிவு, கடைசியாகக் கார்புரேட்டர் என்ற வரிசைக்கான காரணம் இவ்வியந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

இரு இடங்களில் அமுக்கம்

சங்கிலி ரம்பத்தில் இருப்பது இருவீச்சு இயந்திரம், அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்குவதற்குள் தன் வேலைச் சுற்று முழுவதையும் முடித்துக்கொள்ளும் வகை. கார் இயந்திரத்தில் உள்ளதுபோல் வால்வுகள் இதில் இல்லை; சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடியும் திறந்தும் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உள்ளே விட்டுப் புகையை வெளியேற்றுகிறது. பிஸ்டன் மேலேறும்போது அதன் தலைக்கு மேலுள்ள கலவை இறுகுகிறது. அது கீழிறங்கும்போது அடியிலுள்ள கிராங்க் அறையில் அடைபட்ட கலவை இறுகி மேலே தள்ளப்படுகிறது. எனவே அமுக்கம் என்பது மேலும் கீழுமாக இரு இடங்களில் நிகழ்வது.

கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறிய பெட்ரோல் பம்ப், மெல்லிய சவ்வு ஒன்று துடிப்பதால் இயங்குவது. அந்தத் துடிப்பைத் தருவது கிராங்க் அறையில் ஏறி இறங்கும் அழுத்தமே. ரம்பத்தைச் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் பெட்ரோல் தடைபடாமல் வருவதற்குக் காரணமான இந்தச் சவ்வு அமைப்பு, இயந்திரம் இறுக்கமாக மூடப்பட்டிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். உடல் தளர்ந்த இயந்திரத்துக்குக் கார்புரேட்டரைச் சீர்செய்து பயனில்லை என்பது இதனால்தான்.

அளந்து பார்த்தல்

கருவி எதுவும் இல்லாத இடத்தில் செய்யக்கூடிய முதற்சோதனை, சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிடுவது. நல்ல இயந்திரம் ஒவ்வொரு அமுக்கத்திலும் தயங்கித் தயங்கிப் படிப்படியாகக் கீழிறங்கும்; கிணற்றில் விடப்பட்ட வாளிபோல் சரசரவென்று இறங்கினால் அமுக்கம் போய்விட்டது என்று ஐயப்படலாம். துல்லியமாக அறியப் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அமுக்கமானியைத் திருகி, அமுக்கத் தளர்வு வால்வு இருந்தால் அதை மூடி, பிளக் கம்பியில் பொறி பறக்காதபடி சுவிட்சை அணைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். நீண்ட ரப்பர் குழாயுடன் வரும் கார் அமுக்கமானி, சிறிய இயந்திரத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.

நல்ல நிலையில் உள்ள ரம்பங்கள் பல, சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு, அதாவது சுமார் 10 பார் அளவில் காட்டுகின்றன. 110 பவுண்டுக்குக் கீழே இறங்கினால், குறிப்பாகச் சூடேறியபின், கிளம்பத் தொல்லை கொடுக்கும். ஒற்றை எண்ணைக் காட்டிலும் அதே ரம்பம் புதிதாக இருந்தபோது காட்டிய எண்ணோடு ஒப்பிடுவதே பயன் தருவதால், வாங்கியவுடனே ஒருமுறை அளந்து குறித்துவைப்பது நல்ல பழக்கம். எண் குறைவாக இருந்தால், பிளக் துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய் இடைவெளியை அடைத்து எண் கணிசமாக ஏறினால், தேய்மானம் பிஸ்டன் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது.

புகைத்துளை சொல்லும் சேதி

அடுத்துச் சைலன்சரைக் கழற்றி, புகைத்துளை வழியே விளக்கொளியில் பார்த்தால் பிஸ்டனின் பக்கமும் ரிங்கும் நேராகக் கண்ணில் படும். கேடுறாத பிஸ்டனின் பக்கத்தில் கடைசல் எந்திரம் விட்ட மெல்லிய கிடைக்கோடுகள் தெரியும். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கிறது. கீறல் புகைத்துளைப் பக்கத்தில் மட்டும் இருந்தால், பெட்ரோல் குறைந்த கலவையால் மிகைச்சூடு ஏறியது எனலாம். காற்று நுழையும் பக்கத்தில் இருந்தால், வடிகட்டியைத் தாண்டி மரத்தூளும் புழுதியும் நுழைந்திருக்கக்கூடும். சுற்றிலும் இருந்தால், எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றப்பட்டதோ என்று விசாரிக்க வேண்டும். இருவீச்சு இயந்திரத்துக்கு மசகு, பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய் மட்டுமே என்பதால், 50-க்கு 1 என்று தயாரிப்பாளர் சொன்னால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லிலிட்டர் எண்ணெயை அளந்தே ஊற்ற வேண்டும், கண்மதிப்பு உதவாது.

அமுக்கம் சரியாக இருந்து, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாத ஓட்டத்தில், வேகம் தானாக ஏறி இறங்கினாலோ, ஆக்சிலரேட்டரை விட்டபின்னும் வேகம் தணியத் தாமதித்தாலோ, கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள எண்ணெய் சீல்களிலோ, கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் குழலிலோ காற்றுக்கசிவு இருக்கலாம். திருட்டுத்தனமாக நுழையும் அந்தக் காற்று கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைக்கிறது. திருகாணியைத் திறந்து கூடுதல் பெட்ரோல் விட்டால் சில நாள் ஓட்டம் சீராகத் தோன்றும். கசிவு மேலும் பெரிதாகும் நாளில் பிஸ்டன் கருகும். துளைகளை அடைத்து, கைப்பம்பினால் கிராங்க் அறையில் அழுத்தமும் பிறகு வெற்றிடமும் ஏற்படுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே இதற்கான சோதனை.

மூன்று திருகாணிகள்

இவ்வளவும் தேறியபின்தான் திருப்புளிக்கு வேலை. பழைய பெட்ரோலில் ஊறி விறைத்த சவ்வை மாற்றி, காற்று வடிகட்டியையும் சைலன்சரின் வலையையும் தூய்மை செய்து, வாளும் சங்கிலியும் பூட்டிய நிலையில் இயந்திரத்தைச் சூடேற்ற வேண்டும். எல் என்று குறிக்கப்பட்ட திருகாணி குறைவேகத்துக்கும், எச் முழுவேகத்துக்கும் பெட்ரோலை அளந்து விடுகின்றன. எல்ஏ அல்லது டி என்ற குறியுள்ள மூன்றாவது, ஐடில் வேகத்தை நிறுத்துகிறது. தொடக்க நிலையாக, எல்-ஐயும் எச்-ஐயும் மெதுவாக முட்டும்வரை மூடி, பல ரம்பங்களில் ஏறத்தாழ ஒரு சுற்றுத் திறப்பது வழக்கம். சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

எல்-ஐ இருபுறமும் திருகி ஐடில் மிக வேகமாக ஓடும் புள்ளியைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்றுக்கு மேற்படாமல் திறக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தயங்காமல் வேகமெடுத்தால் அது சரி. பிறகு சங்கிலி அசையாமல் நிற்கும்வரை எல்ஏ-ஐத் தளர்த்த வேண்டும். ஐடிலில் சங்கிலி ஓடும் ரம்பத்தை எவர் கையிலும் கொடுக்கக் கூடாது. எச்-ஐ வேகமானி கொண்டு, தயாரிப்பாளர் குறித்த உச்சவேகத்தைத் தாண்டாதபடி வைப்பதே பாதுகாப்பு. காதால் அறிய விரும்புவோருக்கு ஓர் அடையாளம் உண்டு: சுமையின்றி முழுவேகத்தில் ஓடும்போது குரல் சற்றே தடதடத்து, மரத்தில் வைத்து அழுத்தியதும் அது தெளிய வேண்டும். சுமையில்லாதபோதே கீச்சென்று இழுத்துப் பாடினால் பெட்ரோல் போதவில்லை. மரத்துக்குள்ளும் தடதடப்பு நீங்காவிட்டால் மிகுதியாகப் போகிறது.

இடம் மாறினால் அளவும் மாறும். கடல்மட்டத்தை ஒட்டிய பூன் லேயில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் வெப்பநிலையில் ஏழெட்டு டிகிரி வேறுபாடே இருப்பதால், அன்றாடம் திருகிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பெட்ரோலைக் குறைத்து அமைத்த ரம்பத்தை அப்படியே சமவெளிக்குக் கொண்டுவந்து ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் பற்றாமல் சூடேறும்.

கலவையைச் சீரமைக்கும் இந்த வேலையை இப்போது ஸ்டிலின் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் ஆகிய மின்னணு அமைப்புகள் தாமே செய்துகொள்வதால், இவை பொருத்தப்பட்ட ரம்பங்களில் கலவைக்கான திருகாணியே இல்லை. எனினும் தேய்ந்த ரிங்கையோ கிழிந்த சீலையோ எந்த மின்னணுவும் சீராக்காது. கலவையைத் தன்னால் இயன்ற எல்லைவரை திருத்திப் பழுதைச் சில நாள் மறைக்கவும்கூடும். ஆகவே திருகாணியில்லாத ரம்பத்துக்குத்தான் அமுக்கமானி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.