இட்லித் தட்டில் நட்டு, போல்ட்டு

காலைப் பார்த்து வையுங்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் மண்ணெண்ணெய் பேசின், இந்தப் பக்கம் கழற்றிப் போட்ட செயின். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் கேட்கிற சந்து ஒன்றில் இருக்கிறது இந்த மெக்கானிக் பட்டறை. கோயிலும் பட்டும் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிற கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. நமக்கு இன்று உள்ளே அனுமதி! கேமராவுக்குத்தான் தடை. "முடிஞ்சப்புறம் படம் புடிங்க. இப்ப அது குளிக்கிற நேரம்" என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

குளிப்பது ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி விற்க ஆரம்பித்து, 1996இல் நிறுத்திய டூ ஸ்ட்ரோக் வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை 100 கிலோவை ஒட்டி. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் இது கிளம்பிப் போன வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. சட்டப்படி 50 வயது தாண்டினால்தான் 'விண்டேஜ்'. இது இன்னும் அந்த வயசுக்கு வரவில்லை என்பதை இங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சொந்தக்காரி ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், கல்லூரி மாணவி. லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை ஓட்டியதெல்லாம் கியர் இல்லாத ஸ்கூட்டர். அப்பா நெய்த சேலையை சொசைட்டிக்கு எடுத்துப்போன வண்டி இது. பிறகு கொல்லையில் பழைய தறிக் கட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அவளுக்கு மெக்கானிக் அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "ஓட்டுறதுக்கு முன்னாடி கழட்டக் கத்துக்கோ பாப்பா."

கழற்றிய நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் எங்கே இருக்கின்றன தெரியுமா? இட்லித் தட்டில்! ஒரு குழியில் கார்பரேட்டர் ஸ்க்ரூ, இன்னொன்றில் கிளட்ச் போல்ட்டு. அவள் அம்மா விட்டுக்கொடுத்த தட்டு. "இந்த ஊர் கோயில் இட்லி மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையிலதானே வேகுது, தட்டு எதுக்கு?" என்று கேட்டு வாங்கி வந்தாளாம். அம்மா அன்றைக்கு உப்புமா கிண்டினார் என்று கேள்வி.

லேத் பட்டறைக்குப் போன சிலிண்டர் போர் முடிந்து வந்துவிட்டது. 50 மில்லிமீட்டர் துளை. தேய்ந்த சுவரைக் கொஞ்சம் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டன் தலையில் பொடி அம்பு ஒன்று, பாருங்கள். "அம்பு சைலன்சர் பக்கம் பார்க்கணும்" என்று அவளே மனப்பாடமாகச் சொல்கிறாள். இன்ஜின் வாயில் துணியை அடைத்துவிட்டு, பிஸ்டன் பின்னுக்கு லாக் போடுகிறாள். டிக்! லாக் பறந்தது. விரல் நகம் அளவுக் கம்பி வளையம். எல்லோரும் தரையில் தவழ்கிறோம். டீ கொண்டுவந்த பையனும் கிளாஸை வைத்துவிட்டுத் தவழ்கிறான். ஸ்பீக்கரில் இருந்து பிடுங்கிய காந்தத்தை அண்ணன் தரையெல்லாம் ஓட்டுகிறார். பழைய ஆணி, பேரிங் குண்டு எல்லாம் வருகின்றன, லாக் வரவில்லை. கடைசியில் அது அவள் துப்பட்டா மடிப்பில் இருந்தது. துணி அடைக்காமல் விட்டு, அது உள்ளே விழுந்திருந்தால் மொத்த இன்ஜினையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

சைட் பேனலும் இண்டிகேட்டரும் சென்னை புதுப்பேட்டையில் அலசிப் பிடித்தவை. சைலன்சரைத் தீயில் காட்டிக் கரி எடுத்த கதையை விடுங்கள், அந்த நாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

பெரிய சண்டையே பெயின்ட்டில்தான். அந்தக் காலத்து மயில் நீலம்தான் வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்க, பெயின்டர் கலந்து ஒரு தகட்டில் அடித்துக் காட்டுகிறார். தறியை விட்டு எழுந்து வந்த அப்பா தகட்டை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். "இது எம்.எஸ். ப்ளூ. மயில்கழுத்து இல்ல."

"அப்பா, கம்பெனி கலரே இதுதான்!"

"பாவுக்கு ஒரு கலர், ஊடைக்கு ஒரு கலர் போட்டு நெய்யணும். திருப்பினா பச்சை, சாய்ச்சா நீலம். அதுதான் மயில்கழுத்து. டப்பாவுல கலக்கினா எப்படிம்மா வரும்?"

பெயின்டர் என்னைப் பார்க்கிறார், நான் கூரையைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் அப்பா கட்சிதான். ஆனால் டாங்க் பெண்ணின் கலரில்தான் பளபளக்கிறது.

மாலை. பெட்ரோல், 2டி ஆயில், சோக். அவள்தான் உதைக்க வேண்டும் என்று தீர்ப்பு. உதைக்கிறாள், உதைக்கிறாள், வியர்வை கண்ணில் இறங்குகிறது. "பிளக்கைத் துடைச்சுட்டு அடி" என்கிறார் அண்ணன். அடுத்த உதையில் அந்தச் சத்தம்! ரிங்... டிங் டிங் டிங்... சந்து முழுக்க வெள்ளைப் புகை. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "கொசு மருந்து வண்டி வந்துடுச்சா?" என்று கேட்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், வல்லம் வடகாலில் இப்போது யமஹாவின் தொழிற்சாலையே இருக்கிறது. அங்கிருந்து வருகிற புது வண்டி எதுவும் இப்படிப் புகைவிடாது, நல்லதுதான். இப்படிக் கத்தவும் கத்தாது.

புது பிஸ்டன் பழகும்வரை முறுக்கக் கூடாது என்று உத்தரவு. புது ஆளுக்கும் அது நல்ல வேகம்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று தூங்கினால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தைத் தேடுங்கள். இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் அதில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் புதுப்பித்தால், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். நம்பர் ஒத்துப்போகாத வண்டியை எவ்வளவு மினுக்கினாலும் கொல்லைக்குள்ளேதான் ஓட்டலாம்.