திருக்கோயில் அரசவையும் காளாஞ்சி வரிசையும்

கோயில் என்னும் சொல் கோவினது இல் என விரியும். அரசன் வாழும் மனையையும் இறைவன் எழுந்தருளியிருக்கும் இடத்தையும் தமிழர் ஒரே சொல்லாற் குறித்தனர். இது சொல்லளவில் நின்ற ஒற்றுமையன்று. நம் ஊர்க் கோயில்களில் ஆண்டுதோறும் நிகழும் மகோற்சவத்தைக் கூர்ந்து நோக்குவார்க்குப் பண்டைத் தமிழரசன் ஒருவனின் ஆட்சி, கொடியேற்றம் முதற் கொடியிறக்கம் ஈறாகச் சில நாள்களுள் நடந்து முடிவது புலனாகும். அரசர்கள் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்தபின்னும் அவர்தம் அவை நம் வீதிகளில் உலா வருகின்றது. அவ்வவையின் ஒழுங்கையும், ஆட்சி முடியும் நாளில் அது தன் பணியாளரைக் கௌரவிக்கும் முறையையும் ஈண்டு விளக்க முற்படுகின்றேம்.

திருவிழாத் தொடங்குமுன் பிரதம குருவின் கையிற் காப்பு அணிவிக்கப்படும். இதனை இரட்சாபந்தனம் என்பர். அக்காப்பு அவிழ்க்கப்படும் வரையும் விழாவின் கிரியைப் பொறுப்பு முழுவதும் அவர்பாலது. அவர் ஊரெல்லை கடத்தலும் ஆகாது. பின்னர்க் கொடி ஏறும். பேரிகை முழக்கித் தேவர்களையும் திக்குப் பாலகரையும் அழைப்பர். புதிய அரசன் முடிசூடியதை முரசறைந்து நாட்டார்க்கு அறிவித்த பழைய வழக்கின் சாயல் இதிற் காணப்படும்.

ஒவ்வொரு நாளும் வசந்த மண்டபத்தில் நிகழ்வது ஓலக்கம், அஃதாவது அரசன் அவையில் வீற்றிருத்தல். தீபங்கள் காட்டியபின் கண்ணாடி, குடை, கொடி, சாமரை, விசிறி, ஆலவட்டம் என்பன ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படுகின்றன. இவை யாவும் அரச சின்னங்களே. வேதமும் திருமுறையும் ஓதப்படுகின்றன. நாதசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் இவற்றோடு கட்டியமும் கூறப்படுகின்றது. கட்டியமாவது அரசன் அவைக்கு எழுந்தருளும்போது அவன் விருதுப் பெயர்களை உரக்கக் கூறிப் புகழ்தலாம். அக்கட்டியத்திற் கோயில் வரலாற்றோடு தொடர்புடைய புவனேகபாகுவின் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. யாழ்ப்பாண அரசு 1619இற் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. இரண்டாம் சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொலையுண்டான். 1621இற் பழைய நல்லூர்க் கோயிலும் இடிக்கப்பட்டது. அரண்மனையும் அரியணையும் போயின. ஆயினும் அவையின் குரல் கோயிலிற் பிழைத்துக் கிடக்கின்றது.

பருத்தித்துறைப் பகுதியினராகிய நமக்கு இவ்வுண்மையை உணரத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வல்லிபுரத்து மணல்வெளியிற் புரட்டாதி மாதத்திற் கொடியேறிப் பூரணையன்று ஆழ்வார் கடலுக்குத் தீர்த்தமாட எழுந்தருளும் காட்சியைக் கண்டவர் மறப்பாரல்லர். சைவாலயங்களிலும் அரசனுக்குரிய செயல்கள் யாவும் நிகழ்கின்றன. வேட்டைத் திருவிழாவில் வேட்டமாடுகின்றான். தேரேறி வீதிகளைப் பார்வையிடுகின்றான். தீர்த்தத்துறையிற் குடிகளோடு கலந்து நீராடுகின்றான்.

தீர்த்தம் முடிந்த மாலையிற் கொடி இறங்கும். வந்த தேவர்கள் விடைபெறுவர். குருவின் காப்பு அவிழும். ஆட்சி முடிந்தது. முடிந்தவுடன் அவ்வரசவை செய்யும் முதற் காரியம் யாது? தனக்கு உழைத்தாரை நினைத்தலே.

சிவாலயங்களிற் கொடியிறக்கத்தின் பின் சண்டேசுவரர் உற்சவம் நிகழும். சண்டேசுவரர் தொண்டர்களுள் தலையாயவர். சோழர் காலத்திற் கோயில் நிலத்தை விற்றலும் வாங்கலும் அவர் பெயராலேயே நிகழ்ந்தன. அரசனின் தலைமைக் கணக்கர் போன்ற அவர்க்கு அன்று தனியுலா. அடுத்தது ஆசாரிய உற்சவம். பிரதம குருவுக்குப் பரிவட்டம் கட்டி, மாலை அணிவித்து, குடை நிழற்ற, மேளம் முன்செல்ல, அவர் இல்லம்வரை ஊர் கூடி அழைத்துச் செல்லும். அத்தனை நாளும் இறைவன் முன் சென்ற மேளம் அன்று ஒரு மானிடன் முன் செல்கின்றது. பணி செய்தானைப் பணி கொண்டான் தன் வரிசையாலேயே சிறப்பித்தல் இதன் கருத்தாகும்.

இவற்றோடு சேர்ந்தது காளாஞ்சி. தேங்காய்ப் பாதி, வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, பூ, திருநீறு, சந்தனம் என்பன அடங்கிய இப்பிரசாதம் உபயகாரர்க்கும் தொண்டு செய்தார்க்கும் பெயர் கூறி வழங்கப்படும். காளாஞ்சி என்பது முதலில் உணவைக் குறித்த சொல்லன்று. அரசவையில் வெற்றிலை முதலியன ஏந்தும் கலத்தை அது குறித்தது. படிக்கம் என்றும் அகராதி பொருள் கூறும். அரசன் கையால் வெற்றிலை பெறுதல் அக்காலத்தில் உயர்ந்த வரிசை. கலத்தின் பெயர் அதில் வைத்துக் கொடுக்கும் பொருளுக்கு ஆகி வந்தது.

பெயர் கூறிக் கொடுப்பதாகலின் முன்பின் என்னும் ஒழுங்கும் அதனோடு வந்தது. முதற்காளாஞ்சி யாருக்கு என்னும் பிணக்கினால் உறவினர் முகம் பாராதிருந்ததும் வழக்காடியதும் நம் நாட்டில் உண்டு. அரைத் தேங்காய்க்காக இத்துணைப் பகையோ என நகைப்பார் நகைக்கலாம். தேங்காய்க்காக எவரும் வழக்காடியதில்லை. ஊர் நடுவே தம் பெயர் கேட்கப்படல் வேண்டும் என்பதே அவர் வேண்டியது. அங்ஙனமாயின், ஒருபோதும் பெயர் கூறப்படாதார் நிலை யாது?

எனது இளமையில் எங்கள் ஊர்க் கோயில் ஒன்றில் தீவட்டி பிடிக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அப்பு என்றே அவரை அழைப்போம். கந்தை சுற்றிப் பந்தம் கட்டுவதும், எண்ணெய் வார்ப்பதும், சுவாமி வீதிவலம் வந்து முடியும்வரை வெக்கையில் நடப்பதும் அவர் வேலை. கொடியிறங்கிய ஓர் இரவு காளாஞ்சி வரிசை முடிந்து யாவரும் கலைந்தபோது அவர் வெளிவீதியில் தீவட்டியை மணலிற் குத்தி அணைத்துக்கொண்டிருந்தார். “அப்பு, உங்களுக்குக் காளாஞ்சி தந்தவையோ?” என்று கேட்டேன். “அது பெரியாக்களுக்குத் தம்பி. எனக்கு மிஞ்சின எண்ணெய் கிடக்கு, வீட்டு விளக்குக்குக் காணும்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அஃதே பின்னாளில் என்னை மிகவும் வருத்தியது. என் கையிலிருந்த வாழைப்பழத்தை அவருக்குக் கொடுக்கலாம் என்னும் எண்ணமும் எனக்கு அப்போது எழவில்லை.

இவ்வழக்கம் பழைமையானது, மாற்றலாகாது என்பார் உளர். அவர்கள் நோக்கத்தக்க சான்று தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் இருக்கின்றது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது 1010இல், அக்கோயில் விமானத்தின் மேல் வைக்கச் செப்புக்குடத்தை அளித்தான். கோயிற் பணியாளர்க்கு அவன் வகுத்த பங்குகளைக் கூறும் நீண்ட கல்வெட்டு 29ஆம் ஆண்டு வரை கொடுத்தவற்றைக் குறிக்கின்றது. அவ்வாண்டோடு அவன் ஆட்சியும் முடிகின்றது. ஆகவே அதனை ஓர் ஆட்சி தன் முடிவிற் செய்த நன்றிக் கணக்கு எனக் கொள்ளினும் பிழையாகாது.

அக்கணக்கில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும் அவர்க்குரிய வீடுகளும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அம்மட்டோ! நட்டுவர், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்பார், விளக்கேற்றுவார், நீர் தெளிப்பார், குயவர், துணி வெளுப்பார், நாவிதர், தையற்காரர், தச்சர் எனப் பலரும் அதில் இடம் பெறுகின்றனர். தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனுக்கு அரசன் தன் பெயரையே சூட்டி இராசராசப் பெருந்தச்சன் என்றான். நாவிதர் தலைவனுக்கும் இராசராசப் பெருநாவிசன் என்னும் பட்டம் உண்டு. ஒருவர் இறப்பின் அவர் உறவினருள் தக்கார் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர்தல் வேண்டும் என்றும் விதித்தான். எல்லார்க்கும் ஒரே அளவு கிடைத்ததென்று கூறவில்லை. அங்கும் முழுப் பங்கும் குறைந்த பங்கும் உண்டு. ஆயினும் விளக்கேற்றியவனும் குடை பிடித்தவனும் அக்கணக்குக்குப் புறம்பாகவில்லை. அரசவை வழக்கைப் பின்பற்றுவதாயின் இதனையும் சேர்த்தே பின்பற்றுதல் முறை.

நம் நாட்டில் 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாயிலில் நின்றே உரிமை கேட்க வேண்டியவராயினர் நம்மவருள் ஒரு பகுதியார். வாயில் திறத்தல் முதற்படி. உள்ளே வந்தவரின் பெயரைக் கூறுதல் அடுத்த படி. இன்று தீவட்டியின் இடத்தை மின்விளக்குப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும் மின்பிறப்பாக்கியை இரவு முழுதும் காப்பவர், வீதி கூட்டுபவர், வெள்ளை கட்டுபவர், மடத்தில் அன்னதானத்துக்கு அடுப்பெரிப்பவர், சுவாமி காவுபவர், மாலை தொடுக்கும் பெண்கள் என உழைப்போர் தொகை குறைந்திலது.

கோயில் முகாமையாளர்க்கு எளிய செயல் ஒன்றை வேண்டிக்கொள்ளலாம். கொடியேறும் நாளன்றே ஒரு கொப்பியிற் பணி செய்வார் யாவர் பெயரையும் எழுதத் தொடங்குக. கொடியிறங்கியபின் உபயகாரர் பெயர்களோடு அவற்றையும் வாசிக்க. இதற்கு ஆகமம் தடையன்று, பெருஞ்செலவும் இல்லை.

கல்லூரியும் ஒரு வகையில் அரசவையே. விழாமலரில் அதிபர், ஆசிரியர், கொடையாளர் பெயர்கள் முறைப்படி இடம்பெறும், அது தக்கதே. மணியடித்தவரும், கிணற்றடியைத் துப்புரவாக வைத்திருந்தவரும், விடுதியிற் சோறு வடித்தவரும் நம் நினைவில் இன்னும் உளர். அவர்தம் முழுப் பெயர் தெரிந்த பழைய மாணவர் எழுதி அனுப்புவாராயின் அடுத்த மலரில் அவற்றையும் அச்சிடலாம். எனக்குத் தெரிந்தது அப்பு என்னும் அழைப்புப் பெயர் ஒன்றே. அவருடைய இயற்பெயரை நான் கேட்டதேயில்லை.