பின் டயரில் காற்று இறங்கினால்...

செம்பனைத் தோட்டத்தில் அறுவடை நாள். பழக்குலைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்து வரும் சிறு டிராக்டர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறது. பின் டயரில் காற்று இல்லை. வெட்டிய குலைகளை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது செம்பனை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அடிபட்ட பழத்தில் லிபேஸ் என்ற நொதி உடனே வேலையைத் தொடங்கி எண்ணெயைச் சிதைக்கிறது. கொழுப்பு அமிலம் கூடக்கூட எண்ணெயின் தரம் இறங்குகிறது.

இந்த அவசரத்தில்தான் இரண்டு தவறுகள் நடக்கின்றன. "சாலை வரைக்கும்தானே" என்று காற்றில்லாத டயரிலேயே ஓட்டிப் போவது ஒன்று. கார் டயரைக் கழற்றுவதுபோல இதையும் கழற்றிவிடலாம் என்று நினைப்பது மற்றொன்று. முதல் தவறில் டயர் போகும். இரண்டாவதில் ஆளே போகலாம்.

சுமையைத் தாங்குவது எது?

டயரில் சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. கார் டயரில் பொதுவாக 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை காற்றழுத்தம் இருக்கும். சிறு டிராக்டரின் பின் டயரிலோ பெரும்பாலும் 12 முதல் 20 பி.எஸ்.ஐ. தான். இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு பின் சக்கரத்தின் மேல் 500 கிலோ சுமை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் 1 பார், அதாவது சுமார் 14.5 பி.எஸ்.ஐ. என்றால், அந்தச் சுமையைத் தாங்க டயர் ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொட வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் பரப்பு விரியும்; மண்ணில் புதையாது, பிடிப்பும் கிடைக்கும்.

1930களுக்கு முன் டிராக்டர்கள் இரும்புச் சக்கரத்தில்தான் ஓடின. அமெரிக்காவின் அல்லிஸ் சால்மர்ஸ் நிறுவனம் 1932-இல் காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது.

ஆனால் குறைந்த அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கும் கீழே போனால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் சூடேறி அறுந்துபோகும். டியூப் உள்ள டயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடித்திருப்பதும் காற்றழுத்தமே. அது இல்லாதபோது, இன்ஜின் திருப்பும் ரிம் சுழல, டயரும் டியூபும் பின்தங்கி வழுக்கும். ரிம்மின் துளைக்குள் மாட்டியிருக்கும் வால்வு டியூபிலிருந்து பிய்ந்துவிடும். சிறு ஒட்டுப் போட்டுச் சரிசெய்திருக்கக்கூடிய டியூபைத் தூக்கி எறிய வேண்டியதாகிவிடும். ஆகவே காற்று இறங்கியது தெரிந்ததும் வண்டியை நிறுத்துவதே லாபம். டிரெய்லரைக் கழற்றி, குலைகளை வேறு வண்டியில் அனுப்பிவிட்டால் அவசரம் பாதி குறைந்துவிடும்.

முள்ளா, வால்வா?

செம்பனை மட்டையின் காம்பு ஓரங்களில் முள் உண்டு. வெட்டிய மட்டைகளை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் குவித்து வைப்பது இதனாலும் நல்லது. வண்டிப் பாதையை விட்டு விலகிக் குவியல் மேல் ஏறும்போது முள் தைக்கிறது.

எனினும் எல்லாப் பழியும் முள்ளுக்கு அல்ல. முதலில் வால்வின் வாயில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் சிறு வால்வு ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். பிறகு டயரின் தரைப்பகுதியிலும் பக்கச் சுவரிலும் சோப்பு நீர் ஊற்றிப் பார்க்கலாம். துரு ஏறிய ரிம்மும் டியூபை உரசி ஓட்டையாக்கும்.

தூக்கும்போது கவனம்

டிராக்டர் காரைப்போல நான்கு கால்களில் நிற்பதில்லை. அதன் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் மாட்டப்பட்டு, மேடுபள்ளத்துக்கு ஏற்ப இரு பக்கமும் ஆடும். எனவே வண்டியின் உடல் உண்மையில் மூன்று புள்ளிகளில் நிற்கிறது: இரண்டு பின் சக்கரங்கள், முன்னால் அந்த ஊசி. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் அந்தப் புள்ளி ஜாக்கி இருக்கும் இடத்துக்கு, உட்பக்கமாக நகர்கிறது. முக்கோணம் குறுகுகிறது; வண்டி கவிழும் வாய்ப்பு கூடுகிறது. இதைத் தடுக்க, முன் அச்சுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் மரக்கட்டையைச் செருகி அச்சு ஆடாமல் செய்வார்கள்.

அடுத்தது டிஃபரன்ஷியல். இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வது இதுதான். வண்டியைக் கியரில் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினால், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் உள்ள சக்கரம் முன்னோக்கி உருளலாம். கியர் அதைத் தடுக்காது. ஆகவே நிறுத்தும் பிரேக்கைப் பூட்டுவதோடு, தரையில் இருக்கும் சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள்.

மூன்றாவது, மண். 10 சென்டிமீட்டர் சதுர அடித்தளம் உள்ள ஜாக்கி 500 கிலோவைத் தாங்கும்போது மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 5 கிலோ அழுத்துகிறது. மழை பெய்த தோட்டத்து மண் இதைத் தாங்காது. அடியில் 40 சென்டிமீட்டர் சதுரமான தடித்த பலகையை வைத்தால் அது 0.3 கிலோவாகக் குறைந்துவிடும். முடிந்தால் சமமான, இறுகிய இடத்திலேயே வேலையைச் செய்யுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது தளர்த்திவிட வேண்டும். தூக்கியதும் அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது.

டயருக்குள் தண்ணீர்

பிடிப்புக்காகப் பல டிராக்டர்களின் பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள். குளிர்நாடுகளில் உறையாமலிருக்க உப்புக் கரைசல் சேர்ப்பார்கள். நம் நாட்டில் வெறும் தண்ணீரே போதும். 90 லிட்டர் தண்ணீர் என்றாலே 90 கிலோ; டயர், ரிம் எடை அதற்கு மேல். இப்படிப்பட்ட சக்கரம் சாய்ந்தால் ஒருவர் தாங்கிப் பிடிக்க முடியாது. நட்டுகளைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்படியும் இரண்டு பேர் வேண்டும்.

பல நேரங்களில் சக்கரத்தைக் கழற்றவே தேவையில்லை. அச்சை ஸ்டாண்டில் நிறுத்தி, வெளிப்பக்க டயர் விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து விடுவித்து, டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போடலாம். மீண்டும் உள்ளே வைப்பதற்கு முன், டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். ஒடிந்த முள் எங்காவது மிச்சமிருந்தால் துணி சிக்கிக் காட்டிக்கொடுக்கும். அதை எடுக்காமல் டியூபை வைத்தால் மறுநாளே மறுபடியும் பஞ்சர்தான்.

காற்றடிக்கும்போது

டயரின் விளிம்புக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது. அது ரிம்மில் சரியாக உட்காராதபோது அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். விளிம்பை உட்கார வைக்க 35 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. உட்காரவில்லையா? காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி, மீண்டும் முயலுங்கள். நீளமான குழாயைப் பயன்படுத்தி, டயருக்கு நேர் எதிரே நிற்காமல் தள்ளி நில்லுங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. காற்று இறக்கிய டயரானாலும், சூட்டில் ரப்பர் சிதைந்து எரியும் வாயு உண்டாகி வெடித்துவிடும்.

விளிம்பு உட்கார்ந்த பின், வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால், டயரில் உள்ள அம்புக்குறி வண்டி முன்னே ஓடும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினால் சேறு வெளியேறாமல் பிடிப்புக் குறையும். சில மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்குங்கள்.

காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் அளப்பது நல்லது. வெயிலில் டயர் 10 டிகிரி சூடேறினாலே அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடிவிடும், 15 பி.எஸ்.ஐ. டயருக்கு அது பெரிய வித்தியாசம். ஒரு டயர் மட்டும் வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்தால், அறுவடை நாளுக்குக் காத்திராமல் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.