சாரல் மண்ணில் ஒரு மனை
(தென்காசி, குற்றாலம் பகுதியில் நிலமும் வாழ்வும்)

வெளிநாட்டில் பொருளீட்டும் நம் பகுதியினர் எவரிடமேனும், "ஊர் திரும்பியபின் என்ன செய்யக் கருதியுள்ளீர்கள்?" என்று வினவினால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "குற்றாலத்துப் பக்கம் ஓர் இடம் வாங்கி, சிறியதாக ஒரு வீடு கட்டி, சாரல் காற்றில் எஞ்சிய நாளைக் கழிக்க வேண்டும்" என்பதே அவ்விடை. இந்த ஆசை நியாயமானதே. ஆயினும், பல்லாண்டு உழைப்பின் பயன் முழுவதையும் ஒரு பத்திரத்தில் வைப்பதற்கு முன்பு, அந்த மண் எத்தகையது, அங்கு எவர் எதனை வாங்கலாம், வாங்கியபின் வாழ்வு எவ்வாறு அமையும் என்பனவற்றை அறிந்துகொள்வது நம் கடமையாகும். அவற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

மண்ணின் சிறப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பகுதியில் தாழ்ந்து, ஒரு கணவாயாக அமைந்துள்ளது. தமிழகத்தின் பெரும்பகுதிக்கு எட்டாத தென்மேற்குப் பருவக்காற்று, இக்கணவாயின் வழியே நுழைந்து நம் பகுதியில் சாரலாகப் பொழிகிறது. சூன் முதல் ஆகஸ்டு வரை பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் முதலிய அருவிகளில் நீர் பெருகுவது இதனாலேயே. அருவி நீர் சிற்றாறாகி, வழியெங்கும் குளங்களை நிரப்பி, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. கார், பிசானம் என்னும் இரு போக நெல் சாகுபடியும் இந்நீரை நம்பியே நடைபெற்று வந்துள்ளது.

இம்மண்ணின் ஈரத்தை அயல்நாட்டாரும் அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்தியக் கும்பினியார் இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த மொலுக்கத் தீவுகளுக்குரிய கிராம்பையும் சாதிக்காயையும் குற்றாலத் தோட்டங்களில் பயிரிட்டனர். அத்தீவுகள் இருக்கும் கீழைக் கடற்பகுதிக்கே உரிய மங்குசுத்தான், ரம்புத்தான், துரியன் ஆகிய கனிகள் இன்றும் பருவகாலத்தில் குற்றாலக் கடைத்தெருவில் விற்பனைக்கு வருவதை நாம் காண்கிறோம்.

இங்கு நிலம் பெற்று வாழ்வதைப் பெருமையாகக் கருதியவர்கள் பலர். குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் பரிசாக அளித்த நிலம், 'குறவஞ்சி மேடு' என்றே பெயர் பெற்றது. ரசிகமணி டி.கே.சி. 1954ஆம் ஆண்டில் மறையும்வரை குற்றாலத்தையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார்.

கடல் கடந்த பணம்

தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களில் பலர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றனர். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரம் அவர்கள் திரளாக வாழ்ந்த இடமாகும். அங்குச் சங்கம் கண்டு, 1946ஆம் ஆண்டில் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவினர் என்பது வரலாறு. பிற்காலத்தில் வளைகுடா நாடுகளை நோக்கிய பயணம் தொடங்கியது. அவ்வாறு வந்த பணத்தின் பெரும்பகுதி வீடாகவும் வயலாகவும் மனையாகவும் மாறியது. நிலம் அசையாது, அழியாது, பிள்ளைகளுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம்.

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் செங்கோட்டை–புனலூர் மலைவழி அகல இரயில் பாதை திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகமும் போக்குவரத்தும் பெருகவே, மேலகரம், இலஞ்சி, குத்துக்கல்வலசை, ஆயிரப்பேரி போன்ற ஊர்களின் பக்கம் மனை வாங்குவோரின் பார்வை மேலும் திரும்பியது.

எவர் எதனை வாங்கலாம்?

நிலத்தை எவர் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பது பொதுவான எண்ணம். உலகில் பல நாடுகள் இதற்கு வரம்பு கட்டியுள்ளன. இந்தோனேசியக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் அயல்நாட்டார் ஒருவர் நிலம் வாங்க விரும்பினால், 1960ஆம் ஆண்டின் அந்நாட்டு நிலச் சட்டம் முழு உரிமையை அவருக்குத் தருவதில்லை. அது குடிமக்களுக்கே உரியது. அயலார் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையையோ குத்தகையையோதான் பெற இயலும்.

நம் நாட்டிலும் ஒரு வரம்பு உண்டு. அது நம்மவர் பலருக்குத் தெரியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (1999) விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் இங்கு வீடும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். ஆனால் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அவருக்கு உரிமை இல்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்று, கடல்கடந்த இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை வைத்திருப்போருக்கும் இதுவே விதி. தந்தை வழியில் வரும் வயலை வாரிசாகப் பெறுவதற்குத் தடை இல்லை. வளைகுடாவில் இருந்துகொண்டே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வாங்க முற்படுவோர் இவ்வேறுபாட்டை முதலில் உணர வேண்டும். உறவினர் பெயரில் வாங்கிவிட்டு, பின்னர் உரிமைக்காக உறவையே இழந்த குடும்பங்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை.

பத்திரத்துக்கு முன்பு

பத்திரம் பதிவானால் போதும் என்று எண்ணுதல் தவறு. தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை உரிமை அறுபடாமல் வந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பதிவு செய்யப்படாத கடனும் வாய்மொழி ஒப்பந்தமும் அச்சான்றில் தெரியா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, நிலத்தை அளந்து எல்லைக்கல் காண்பது நலம்.

கோயில் நிலம், வக்பு நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 22-ஏ பிரிவு தடுக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளுக்கும் அப்பிரிவு பொருந்தும். 2016ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததையும், 2017ஆம் ஆண்டில் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததையும் நாம் அறிவோம். ஆகவே, நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண்ணைக் காணாமல் மனைக்கு முன்பணம் கொடுத்தல் ஆகாது. மலையடிவார நிலமாயின், அது காப்புக்காட்டின் எல்லையிலோ மலைப்பகுதிப் பாதுகாப்புக்குட்பட்ட கிராமங்களிலோ அமைந்துள்ளதா என்றும் விசாரிக்க வேண்டும். வடகரை, மேக்கரைப் பகுதித் தோப்புகளில் யானைகள் புகுவது அங்குள்ள விவசாயிகளின் அன்றாடத் துன்பமாகும்.

பருவத்தை நம்பலாமா?

வாங்கிய வீட்டைப் பருவகாலத்தில் வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்பது வேறொரு கணக்கு. பருவம் என்பது மூன்று திங்களே. சாரல் பொய்த்தால் அருவியும் வறண்டுவிடும், வருவோரும் குறைவர். வெள்ளம் வந்தால் நீராடத் தடை விதிக்கப்படும். 2020, 2021 ஆகிய பெருந்தொற்று ஆண்டுகளில் அருவிகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தபோது, அவற்றை நம்பி வாழ்ந்த கடைக்காரர், விடுதியாளர், வாகன ஓட்டுநர் ஆகியோர் பட்ட பாடு நாம் கண்டதே. எனவே, கடன் பெற்று வீடு கட்டி, அதன் தவணையைப் பருவ வாடகையால் அடைக்க எண்ணுவது பேராபத்து. குடியிருக்க வருவோருக்கோ இக்குறை இல்லை. மருத்துவமனை, பள்ளி, சந்தை, இரயில் நிலையம் யாவும் தென்காசியில் அண்மையிலேயே உள்ளன.

நீர் செல்லும் வழி

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. குற்றாலத்து மனைக்கு விலை தருவது மண் அன்று, நீர். அந்நீர் ஓடும் வழியில் வீடு கட்டினால், எதன்பொருட்டு அவ்விடத்தை நாடினோமோ அதனையே நாம் அழித்தவராவோம்.

வயல் மனையாகும்போது முதலில் மறைவது வாய்க்கால். வரப்பை அழித்துச் சாலை போடுவோர் ஓடையைத் தூர்த்துவிடுகின்றனர். பின்னர் மழை பெய்யும்போது, நீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டினுள் நுழைகிறது. கீழேயுள்ள குளமோ நிரம்பாமல் போகிறது. ஒருவரின் மனை பலரின் பிசானத்தைப் பறித்துவிடுகிறது. இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு, 2022ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட நேர்ந்தது இச்சிக்கலின் ஆழத்தைக் காட்டும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பருவம் தொடங்கும் முன்பே பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டுபோயிற்று. மலைநீர் நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை.

ஆகவே, நிலம் பார்க்கச் செல்வோர் கோடையில் மட்டும் சென்று பார்த்து முடிவு செய்யலாகாது. மழை நாளிலும் ஒருமுறை சென்று நிற்க வேண்டும். புலப்படத்தில் ஓடையும் வாய்க்காலும் எங்கே செல்கின்றன என்று நோக்க வேண்டும். அவ்வூர் முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, பெருமழையில் இங்கு நீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்க வேண்டும். வில்லங்கச் சான்று சொல்லாததை அவர் சொல்வார்.

கடல் கடந்து உழைத்த கைகள் ஊரில் ஓர் இடம் தேடுவது இயல்பு. அவ்விடம் சட்டத்துக்கு உட்பட்டதாகவும், அண்டை நிலத்தாரின் நீரைத் தடுக்காததாகவும் அமையட்டும். நம் மாணவர்களும் விடுமுறை நாட்களில் தத்தம் ஊர்ப் புலப்படத்தைப் பெற்று, வாய்க்கால்கள் இன்று எந்நிலையில் உள்ளன என்று நடந்து சென்று காண்பார்களாக. சாரல் நாளையும் வரும். அது செல்லும் வழியை நாம் விட்டுவைத்திருக்க வேண்டும்.